ஒரு பையும் சாத்தூர் நிப்பும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



தலைப்பைப் பார்த்ததும், "பாலிடெக்னிக் ஆண்டு மலரில் பேனா நிப்புக்கு என்னப்பா வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் துறைக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை. பிரஸ் டூல், டை, கிளியரன்ஸ் என்று நாம் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி உருப்போடுகிறோமே, அதே விஷயம்தான். கொஞ்சம் மசி வாசனையோடு சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

மும்பையில் 'இந்தியா பென் ஷோ' என்று மைப்பேனாவுக்காகவே ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். நாய்க் கண்காட்சி, பூக் கண்காட்சி மாதிரி இது பேனாக் கண்காட்சி. மேஜை மேஜையாகப் பேனாக்கள். பேனா செய்கிறவர்கள், விற்கிறவர்கள், சேகரிப்பவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். பார்க்க வருகிறவர்களும் சும்மா கையை வீசிக்கொண்டு வருவதில்லை. ஆளுக்கு ஒரு ஜிப் வைத்த பேனாப் பெட்டியோடு வருவார்கள். "உங்ககிட்ட என்ன இருக்கு, காட்டுங்க" என்பதுதான் அங்கே வணக்கம் சொல்லும் முறை என்று கேள்வி. அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் நடக்கும் கண்காட்சிதான் இந்த வகையில் மிகப் பெரியது என்பார்கள். அந்த ஊருக்கெல்லாம் நமக்கு எங்கே கொடுப்பினை! மும்பை என்றால் ஒரு நாள் ரயில் பயணம். தாராவியில் என் மாமா வீடு இருக்கிறது. தங்கும் செலவு மிச்சம். போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். "பையில் எதை வைப்பது?" என்ற கேள்விதான் மூன்று வாரம் மண்டையைக் குடைந்தது. அந்த மூன்று வாரத்தின் கதைதான் இது.

முதலில் ஒரு பட்டியல் போட்டேன். எண்ணிப் பார்த்தால் பேனாக்கள் மட்டும் பத்தொன்பது. மசி பாட்டில் நான்கு. கருவிகள் தனி. அதைப் பார்த்துவிட்டு என் பெஞ்சு நண்பன் கேட்டான்: "டேய், பரீட்சைக்கே ஒரு பேனாவோட வர்றவன் நீ. ஊருக்குப் போறதுக்கு எதுக்குடா இத்தனை? பத்து ரூபா ஜெல் பேனா ஒண்ணு பாக்கெட்ல சொருகிக்கிட்டுக் கெளம்புடா!"

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம் சிறுசேரியைச் சுற்றிப் பாருங்கள். சிப்காட் வளாகம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே ஆயிரமாயிரம் பேர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கையெழுத்து என்பதே சம்பளக் கணக்குத் திறக்கும் நாளோடு முடிந்த சமாச்சாரம். ஒரு பாட்டில் மசி வாங்க நான் கேளம்பாக்கத்தில் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன். மூன்றாவது கடைக்காரர், "இங்க்கா? பிரிண்டருக்கா தம்பி?" என்றார்!

வீட்டில் இன்னொரு போட்டி. மாமாவுக்குக் கொடுத்தனுப்ப அம்மா தயார் செய்துவைத்தவை: எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், முறுக்கு ஒரு தூக்கு, அரிசி அப்பளம், நல்லெண்ணெய் ஒரு லிட்டர். ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். ஆகவே எடை ஒரு பிரச்சினையில்லை. ஆனால் நல்லெண்ணெயும் மசியும் ஒரே பையில் போகக்கூடாது என்று எந்த ரயில்வே விதியிலும் இல்லை. அதை நான்தான் போட வேண்டியிருந்தது. பையை இரண்டாகப் பிரித்து, கீழே மாமா, மேலே பேனா என்று ஒப்பந்தம் ஆயிற்று.

சரி, எந்தப் பேனாக்கள்?

எங்கள் வீட்டில் இருப்பவை எல்லாம் விலை உயர்ந்த பேனாக்கள் அல்ல. தாத்தா சேர்த்தவை பாதி, பழைய பேப்பர் கடையிலும் உறவினர் வீட்டுப் பரணிலும் நான் தேடிப் பிடித்தவை பாதி. அவற்றில் அதிகம் இருப்பது சீனத்து ஹீரோ பேனா. நம் அப்பா, அம்மா காலத்துப் பள்ளிக்கூடங்களில் கொடிகட்டிப் பறந்ததே, அதுதான். மூடி தங்க நிறத்தில் மினுக்கும், நிப்பு முக்கால்வாசி உள்ளே ஒளிந்துகொண்டு மூக்கு நுனி மட்டும் தெரியும். அந்தப் பாணியை உலகப் புகழ் பெற வைத்தது 1941-ல் வந்த பார்க்கர் 51. ஹீரோ அதன் ஏழை வீட்டுத் தம்பி. பாசம் இருக்கிறது. ஆனால் எல்லாரிடமும் இருப்பதை எல்லாரும் வரும் இடத்துக்குச் சுமந்து போவானேன்? ஒன்றே ஒன்று போதும் என்று மற்றவற்றை எடுத்து வைத்தேன்.

அடுத்தது எபோனைட் பேனாக்கள். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கடினப்படுத்தினால் கிடைப்பது எபோனைட். அந்தத் தண்டைக் கடைசலில் பிடித்து, பேரல், மூடி, கழுத்து என்று கடைந்து எடுக்கிறார்கள். திருவள்ளூரில் ரங்கா பேனா இப்படித்தான் உருவாகிறது. சென்னையிலிருந்து ஒரு மின்சார ரயில் தூரம்! பாரிமுனையில், என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கும் ஜெம் அண்ட் கோ கடையும் காமா என்ற பெயரில் எபோனைட் பேனா விற்கிறது. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா. சுதேசிக் காலத்தில் பிறந்தது. முழுக்க உள்நாட்டுப் பொருள்களால் செய்த அந்தப் பேனாவைப் பெற்றுக்கொண்டு, காந்தியடிகள் 1935-ல் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். லேத்தில் ஒரு ஸ்டெப் டர்னிங் போட்டுவிட்டு நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். இவர்கள் அதே லேத்தில் மூடியின் மரையை எத்தனை சுற்றில் இறுக வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டுகிறார்கள். ஆகவே ஒரு திருவள்ளூர் பேனா, ஒரு காமா. இரண்டும் உள்ளே.

இதிலேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. எபோனைட்டை வெயிலில் வைத்தால் கறுப்பு மங்கிப் பழுப்பேறும். வெந்நீர் பட்டாலும் பளபளப்பு போகும். ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் பேனாவுக்கு ஜன்னலோரம் கிடையாது. துணிப்பையில் சுற்றி, பையின் நடுவில்தான் அதற்கு இடம்.

இப்போது மசி விஷயம். பேனாவை மசியோடு கொண்டுபோவதா, காலியாகவா? இதற்கு முதலாமாண்டு இயற்பியல் போதும். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. மும்பை வண்டி தக்காணப் பீடபூமியில் ஏறி, சோலாப்பூர், புனே வழியாகப் போய், லோணாவளாவில் சுமார் 600 மீட்டர் உயரத்தைத் தொட்டு, பிறகு போர் காட் மலைச் சரிவில் இறங்குகிறது. 600 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். பாயில் விதிப்படி, பேனாவுக்குள் 1 மில்லி காற்று இருந்தால் அது கிட்டத்தட்ட 1.07 மில்லி ஆகும். கூடுதலான அந்த 0.07 மில்லி காற்று எங்கே போகும்? நிப்பு கீழ்நோக்கி இருந்தால் அதே அளவு மசியை வெளியே தள்ளும். ஒரு பெரிய சொட்டு! சட்டைப் பையைக் கறையாக்க அது தாராளம். விமானத்தில் இன்னும் மோசம். அறையின் அழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள்.

ஆகவே மூன்று வழி. ஒன்று, முழுக்க நிரப்பு. காற்றுக்கே இடமில்லாவிட்டால் விரிய என்ன இருக்கிறது? இரண்டு, முழுக்கக் காலி செய்து கழுவித் துடைத்து வை. மூன்று, எப்படி வைத்தாலும் நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். அப்போது காற்றுதான் வெளியேறும், மசி இல்லை. பாதி நிரப்பிய பேனாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவன் கஷ்டத்தை விலைகொடுத்து வாங்குகிறான். நான் ஒரே ஒரு பேனாவை முழுக்க நிரப்பி, மற்ற எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிட்டேன். மசி, கழுவினால் போகும் ராயல் புளூ மட்டும், அதுவும் ஒரே பாட்டில். மூடியைச் சுற்றி டெப்லான் டேப், அதன் மேல் பிளாஸ்டிக் உறை. பிளம்பிங் செய்முறை வகுப்பில் கற்றது எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!

கருவிகளில், நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று. பழைய பல்துலக்கி, பருத்தித் துணி, மரையில் தடவ ஒரு டப்பி சிலிக்கான் கிரீஸ். நிப்பின் பிளவில் அடைத்த காய்ந்த மசியை எடுக்க மிக மெல்லிய பித்தளை ஷிம் தகடு. ஃபீலர் கேஜைக் கையில் பிடித்தவர்களுக்கு அதன் உபயோகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் ஆன பிறகு பட்டியலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பேனா ஆறு, மசி ஒன்று, கருவிகள் ஒரு சின்ன டப்பா. ஆனாலும் மனசு நிறையவில்லை. "இதில் நான் கொண்டுபோனால்தான் அங்கே இருக்கும் என்று சொல்ல ஒரு பொருளாவது இருக்கிறதா?" ஒன்றும் இல்லை! ஹீரோ அங்கே இருக்கும். திருவள்ளூர்ப் பேனாவும் ராஜமுந்திரிப் பேனாவும் செய்தவர்கள் கையாலேயே வந்து நிற்கலாம். நான் போய் என்னத்தைக் காட்டப் போகிறேன்?

அப்போதுதான் தாத்தாவின் பிஸ்கட் டின் நினைவுக்கு வந்தது.

என் தாத்தாவின் ஊர் சாத்தூர். விருதுநகர் மாவட்டம், வைப்பாற்றங்கரை. சாத்தூர் என்றதும் உங்களுக்குக் காராச்சேவு ஞாபகம் வரும். வெள்ளரிக்காய் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு பெருமை இருந்தது. அதுதான் பேனா நிப்பு. சின்னச் சின்னப் பட்டறைகள், குடிசைத் தொழில் மாதிரி. கை பிரஸ்ஸின் 'டக், டக்' சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும் என்பார் தாத்தா. நாட்டின் பல பக்கங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய மலிவு விலைப் பேனாக்களின் முனையில் இருந்தது சாத்தூர்த் தகடு.

தாத்தா பதினாலு வயதில் பட்டறைக்குப் போனவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான். பிறகு பால்பாயின்ட் பேனா எல்லாப் பைகளிலும் ஏறிவிட்டது. அதன் விதை 1938-லேயே விழுந்தது. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பிரோ அந்த ஆண்டு உருண்டை முனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் நிப்புத் தெருவுக்கு அதன் விளைவு வந்து சேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோது மொத்தமாக வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. இன்றைக்கு அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள்தான் மிச்சம்.

தாத்தா வேலை பார்த்த பட்டறையும் ஒரு நாள் மூடியது. அதன் முதலாளியால் பாக்கிக் கூலியைக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்தது மூன்று பொருள்கள். ஒரு குரோஸ், அதாவது 144 நிப்பு. பாதி வேலை முடிந்து கிடந்த உதிரித் தகடுகள் ஒரு கைப்பிடி. அப்புறம், தாத்தா தினமும் கையாண்ட ஒரு பிளாங்கிங் டை, அதன் பஞ்சோடு. நிப்பின் முதல் வடிவத்தைத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் டை அது. மொத்தம் இரண்டு கிலோ இருக்கும். குடும்பத்தோடு தாம்பரம் பக்கம் பிழைக்க வந்து, செக்யூரிட்டி வேலை பார்த்து, பிறகு இந்தச் சிறுசேரிக்கு வாடகை வீடு மாறியபோதும், அந்த டின் கூடவே வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம், ஆயுத பூஜைக்கு முதல் நாள், தாத்தா அதைத் திறந்து டையைத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி மூடிவிடுவார். நாங்கள் யாரும் அதை ஒரு பொருளாக நினைத்ததில்லை.

நான் மும்பை போகிற செய்தி சில பேனாப் பிரியர்களுக்குத் தெரிந்தது. அவர்களில் ஒருவர், தாத்தாவிடம் டை இருப்பதைக் கேள்விப்பட்டு, போனில் பேசினார். "டையையும் நிப்பையும் கொண்டு வாங்க தம்பி. நான் எடுத்துக்கறேன்" என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் வீட்டு இரண்டு மாத வாடகையை விடக் கொஞ்சம் அதிகம்.

இங்கேதான் பையில் வைக்கும் சமாச்சாரம் வீட்டுச் சமாச்சாரம் ஆகிவிட்டது.

அப்பா கேளம்பாக்கம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "டிப்ளமா முடிச்சிட்டு நேரா ரெண்டாவது வருஷம் பி.இ. சேரணும்னு சொல்றே. பீஸ் கட்டணுமா வேணாமா? அந்த இரும்பு நாப்பது வருஷமா டின்னுக்குள்ளதான் கெடக்குது. ஒருத்தன் காசு தர்றேங்கறான். குடுத்துட்டு வா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அப்பா சொன்னதில் தப்பே இல்லை, நண்பர்களே. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே பேச்சு இந்த வருஷம் நடந்திருக்கும். பொருள் வேறாக இருக்கும், அவ்வளவுதான். சிலர் வீட்டில் அது அம்மாவின் வளையல். சிலர் வீட்டில் ஒரு மாடு.

அம்மா, "உங்க அப்பாகிட்டயே கேளுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் ஒரு காரியம் செய்தேன். விற்பதா வேண்டாமா என்பது அப்புறம். நாற்பது வருஷமாகத் தூங்கிய டை இன்னும் வெட்டுமா? அது தெரியாமல் அதற்கு விலை பேசுவது நம் படிப்புக்கே அவமானம் இல்லையா? தாத்தாவிடம் அனுமதி கேட்டு டையை வாங்கி, நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லென்ஸ் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். விளிம்பை விரல் நகத்தால் தடவினார். "யார்யா இதைக் கைல ஃபைல் பண்ணது?" என்றுதான் முதலில் கேட்டார். "கால் மில்லிமீட்டர் தகட்டுக்கு நூத்துக்கு அஞ்சு கிளியரன்ஸ்னா எவ்வளவு, சொல்லு?" கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்துக்கு 0.0125 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்கு கூட வராது! அதை சி.என்.சி. இல்லாமல், வயர் கட் இல்லாமல், அரத்தையும் கண்ணையும் வைத்துக்கொண்டு யாரோ ஒரு டை மேக்கர் சாத்தூரில் சாதித்திருக்கிறார். பெயர் தாத்தாவுக்கே மறந்துவிட்டது.

"எடுத்த எடுப்புல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேணாம். பித்தளை போடு" என்றார் ஐயா. ஃப்ளை பிரஸ்ஸில் டையைப் பொருத்தினோம். அதற்கே ஒரு மணி நேரம். பஞ்சு நேராக இறங்குகிறதா என்று காகிதத்தை வைத்து வெட்டிப் பார்த்தோம். பிறகு 0.25 மில்லிமீட்டர் பித்தளைத் துண்டைச் செருகி, ஐயா தலையை அசைக்க, நான் கைப்பிடியைச் சுழற்றினேன்.

'டக்.'

கீழே ஒரு சின்னத் தகடு விழுந்தது. இலை மாதிரி, கூரான முனையோடு. பிசிறு இல்லை. சுற்றி நின்ற நம் பசங்க கைதட்டினார்கள். ஐயா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் உள்ளங்கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் அந்தப் பித்தளைத் துண்டைத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. கட்டைவிரலால் ஓரத்தை ஒரு சுற்று தடவினார். "நல்லா வெட்டிருக்குய்யா" என்றார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். அப்பாவும் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நிப்பு எழுதறதுக்குச் செஞ்சதுப்பா. டின்னுக்குள்ள இருந்தா அது வெறும் தகரம். கொண்டு போ. வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, யாராவது எழுதட்டும். வர்ற காசு ஓம் படிப்புக்கு. ஆனா டை இருக்கு பாரு, அது வேலை செய்யிற சாமான். இன்னிக்கும் வெட்டுதுன்னு நீயே பாத்துட்ட. வேலை செய்யிறத கண்ணாடிப் பொட்டிக்குள்ள வைக்கக் குடுக்காத. நாளைக்கு ஓங் கைக்கு வேலை செய்யும்."

அவ்வளவுதான். இருபது வருஷம் வேலை பார்த்த மனிதர் அந்த வேலையைப் பற்றி எங்கள் முன்னால் பேசிய நீண்ட பேச்சு அதுதான். அப்பா பதில் சொல்லவில்லை. டை மும்பைக்குப் போகவில்லை.

ஆனால் டை போகாவிட்டாலும் டையின் வேலை போகலாமே! அப்போது தோன்றியதுதான் இந்த யோசனை. டின்னில் பாதி வேலை முடிந்த உதிரித் தகடுகள் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? தாத்தாவை உட்கார வைத்து அவற்றைப் பிரித்து அடுக்கினோம். ஒரு கெட்டி அட்டையில், தையல் நூலால், வரிசையாகக் கட்டினோம்.

முதலில் வெறும் தகட்டுத் துண்டு. இரண்டாவது, வெட்டி எடுத்த பிளாங்க். இது மட்டும் நாம் போட்ட பித்தளை. அதன் பக்கத்திலேயே, வெட்டு விழுந்த ஓட்டையோடு மிச்சத் தகடு. மூன்றாவது, காற்று போக நடுவில் துளை போட்டது. நான்காவது, பெயர் முத்திரை குத்தியது. ஐந்தாவது, தட்டையாய் இருந்ததை வளைத்தது. ஆறாவது, துளையிலிருந்து முனை வரை மெல்லிய சக்கரத்தால் பிளந்தது. ஏழாவது, முனையைத் தீட்டி, மெருகேற்றி முடித்த நிப்பு.

இந்தப் பிளவுதான் உயிர். அதன் வழியாகத்தான் நுண்புழைக் கவர்ச்சியால் மசி முனைக்கு வருகிறது. மசி இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒழுங்காக வழிவிடும் நாக்குக் கட்டையை வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் 1884-ல் காப்புரிமை எடுத்த பிறகுதான் மைப்பேனா நம்பி எழுதத்தக்க பொருளாயிற்று. பிளவு ஒரு மயிரிழை அகன்றால் மசி கொட்டும், ஒரு மயிரிழை நெருங்கினால் வறண்டுவிடும். "அத லென்சு வச்சாப் பாத்தோம்? நகத்துல வச்சு அழுத்திப் பாப்போம். ரெண்டு கால் விரியிறது வெரலுக்குத் தெரியும்" என்கிறார் தாத்தா.

அட்டையைக் கட்டி முடித்தபோது ஒன்று கவனித்தேன். நாலாவது தகட்டில் குத்தியிருந்த முத்திரை ஒரு பேனாக் கம்பெனியின் பெயர். சாத்தூர் என்று எங்கேயும் இல்லை. நிப்பு செய்தவர் பெயர் இருக்க நியாயமே இல்லை. பேனாவின் பெயர் மூடியில், கிளிப்பில், விளம்பரத்தில் இருக்கும். சேகரிப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனால் காகிதத்தைத் தொடுவது நிப்பு மட்டும்தானே! இன்றைக்கு இந்தியப் பேனாக்கள் பலவற்றில் ஜெர்மானிய நிப்புகளைப் பொருத்துகிறார்கள். தரமானவைதான், மறுக்கவில்லை. நம் ஊரிலும் ஒரு தெரு முழுக்க நிப்பு அடித்தது என்பது அந்த மேஜைகளில் யாருக்காவது தெரிய வேண்டாமா?

அட்டையின் அடியில், அதே சாத்தூர் நிப்பைப் பொருத்திய பேனாவால் நானே எழுதினேன்: 'சாத்தூர், விருதுநகர் மாவட்டம், தமிழ்நாடு.' தாத்தாவின் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "ஏம் பேரு மட்டும் எதுக்கு? அங்கன நூறு பேரு இருந்தோம்" என்று சொல்லிவிட்டார். பின்பக்கத்தில், பென்சிலால், சின்ன எழுத்தில் எழுதிவிட்டேன். அவருக்குத் தெரியாது. மலரைப் படித்தால்தான் தெரியும்!

ஆக, பையின் இறுதிப் பட்டியல் இதுதான். பேனா ஆறு. மசி ஒரு பாட்டில். கருவி டப்பா. நூறு நிப்புகள், பத்துப் பத்தாகக் காகிதத்தில் மடித்தவை. மீதி நாற்பத்து நாலு வீட்டில் இருக்கும். ஏழு நிலை அட்டை, இரண்டு தகர அட்டைகளுக்கு நடுவில், வளையாதபடி. எழுதிப் பார்க்க நல்ல காகிதம் ஒரு கட்டு. அடியில் மாமாவின் ஊறுகாய், முறுக்கு, அப்பளம், நல்லெண்ணெய்.

பீஸ் பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நூறு நிப்பில் பி.இ. படித்துவிட முடியாது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். கல்விக் கடனுக்கு விசாரித்திருக்கிறோம். அது சரிவராவிட்டால் ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போய்விட்டு அப்புறம் சேருவேன். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் டையைப் பற்றி அப்பா மறுபடியும் பேசவில்லை. ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கி வந்து, பையை ரயில் இருக்கையோடு கட்டிப்போடும் சங்கிலியும் பூட்டும் என் கையில் கொடுத்தார். "ராத்திரி தூங்கறப்ப மறக்காமப் பூட்டு" என்றார். எனக்கு அது போதும்.

தோழர்களே, தோழிகளே! உங்களில் யாருக்கும் பேனாப் பைத்தியம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம்மில் பலர் கைத்தொழில் செய்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். நெசவு, கொல்லுப்பட்டறை, தீப்பெட்டி, பூட்டு, பாத்திரம், படகு... உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கும். அதற்குள் ஒரு கருவி இருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் வெளியே எடுங்கள். எண்ணெய் போட்டுத் துடையுங்கள். இது என்ன, எப்படி வேலை செய்யும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். முடிந்தால் நம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் ஐயா லென்ஸோடு காத்திருக்கிறார். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. அதில் யாரும் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. ஆனால் விற்பதென்றாலும், அது இன்னும் வெட்டுமா என்று தெரிந்துகொண்டு விற்போம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். நிப்பும் அப்படித்தான்!